ஒரு வீட்டின் உறவுமுறைச் சொற்களையும் பேச்சு வழக்கையும் பதிவு செய்வது எப்படி?

உறவுமுறைச் சொற்களைத் தொகுக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு திரும்பி வருகிறார்கள். அப்பாவின் தங்கை அத்தை, அம்மாவின் தம்பி மாமா, அண்ணன் மனைவி அண்ணி என்று ஐம்பது அறுபது வரிகள் அதில் இருக்கும். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காக ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டியதில்லை, அகராதியே போதும். அந்தச் சொல்லை யார், யாரிடம், யார் காதில் விழும்படி, எந்தச் சமயத்தில் சொல்கிறார் என்பதையும், சொல்ல வேண்டிய இடத்தில் எப்போது சொல்லாமல் விடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த வீட்டில் யாருக்கு யார் எவ்வளவு வேண்டியவர், யார் யாருக்கு அடங்கியவர் என்பது தாளில் தெரியவரும். அப்படி எழுதுவதற்கான வழிமுறை ஒன்றை இங்கே விவரிக்கிறேன். கல்லூரி ஆய்வேட்டுக்கு மட்டுமன்றிச் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிவைக்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் கொடிவழி

எடுத்த எடுப்பில் "உங்களுக்கு மாமா யார் யார்?" என்று கேட்கக் கூடாது. அம்மாவுடன் பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார், பல ஊர்களில் அக்காளின் கணவர், சில வீடுகளில் கட்டிய கணவரே என அத்தனை பேரும் மாமாதான். உறவுச்சொல்லை வைத்துக்கொண்டே உறவைக் கண்டறிய முயன்றால், கடைசியில் யார் யார் என்று நமக்கே குழம்பிவிடும். 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவரும், பின்னர் நமது நீலகிரியில் தோடர்களை ஆராய்ந்தவருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டார். தாய், தந்தை, பிள்ளை, கணவன், மனைவி ஆகிய சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் ஆட்களின் பெயர்களை வரிசையாக வாங்கிக் கொடிவழியை, அதாவது யார் யாருக்குப் பிறந்தவர் என்று காட்டும் குடும்பப் படத்தை, வரைந்துவிடுவார். உறவுச்சொற்களைக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

தமிழ் வீடுகளில் இந்தச் சில சொற்களையும் கவனமாகவே கையாள வேண்டும். "உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தனை பேர்?" என்று கேட்டால் பெரியப்பா மகனும் சித்தி மகனும் கணக்கில் வந்துவிடுவார்கள், ஏனெனில் நம் முறைப்படி அவர்களும் அண்ணன் தம்பிதான். ஆகவே, "உங்களைப் பெற்ற அம்மாவின் பெயர் என்ன? அவர் வயிற்றில் பிறந்தவர்களை மூத்தவரிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பிறந்த வரிசை தவறக் கூடாது. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பிரிப்பது அந்த வரிசைதான். சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடுகிறவர்கள் சிலர் உண்டு: கட்டிக்கொடுத்து நெடுந்தொலைவு போய்விட்ட பெண்கள், சிறுவயதிலேயே இறந்தவர்கள், வீட்டார் சம்மதம் இல்லாமல் மணம் செய்துகொண்டவர்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். அதன்பின் குறிப்பேட்டில் எண்களே இருக்கட்டும். பெயர்கள் தனித்தாளில் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

அழைப்பது வேறு, குறிப்பிடுவது வேறு

கொடிவழி தயாரானதும் ஒவ்வோர் இணைக்கும் இரண்டு சொற்களைத் தனித்தனியே கேட்க வேண்டும்: நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள், அடுத்தவரிடம் பேசும்போது எப்படிச் சொல்வீர்கள். மாமனாரை எவரும் "மாமனாரே" என்று கூப்பிடுவதில்லை. நேரில் "மாமா", அயலாரிடம் "எங்க மாமனார்". நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, சகலை, சம்பந்தி ஆகியவையும் பெரும்பாலும் குறிப்பிடப் பயன்படும் சொற்களே. நேரில் பார்த்தால் அவர்கள் அண்ணி, தம்பி, அக்கா, அண்ணன் என்று அன்றாட அழைப்புப் பெயர்களுக்குள் வந்துவிடுகிறார்கள். தொல்காப்பியமும் முறைப்பெயர், அதாவது உறவுச்சொல், அழைப்பாக மாறும் விதத்தை விளிமரபு என்ற இயலில் தனி நூற்பாவாகவே சொல்கிறது. நம் குறிப்பேட்டிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பத்தி இருப்பது நல்லது.

கூடவே, எதிராளி திரும்ப என்ன சொல்கிறார் என்பதையும், சொல்பவர் ஆணா பெண்ணா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காள் மகன் ஓர் ஆணுக்கு மருமகன், ஆனால் அவனுடைய சித்திக்கு அவன் மகன். அண்ணன் மகனோ அந்த ஆணுக்கு மகன், அவருடைய தங்கைக்கு மருமகன். ஒரே பையனை அண்ணனும் தங்கையும் இருவேறு உறவாகக் கருதுவது தமிழ் முறையின் உயிர்நிலை. ஆணிடம் மட்டும் கேட்டு எழுதினால் பாதி முறை தாளில் ஏறாமலே போய்விடும்.

இந்தப் பதிவு ஓரளவு சேர்ந்ததும் உறவினர்கள் தாமாகவே இரண்டு பக்கமாகப் பிரிவதைக் காணலாம். ஒரு பக்கம் பங்காளிகள்: பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகளான அண்ணன் தம்பிகள். மறுபக்கம் மாமன் மச்சான்: பெண் கொடுக்கவும் எடுக்கவும் உரியவர்கள். பெரியம்மா, சித்தி பிள்ளைகள் பங்காளிகள் அல்லர் என்றாலும் உடன்பிறந்தவர் முறைதான், அங்கே கொள்வினை கொடுப்பினை கிடையாது. அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், தமிழ்நாட்டிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வழியாகத் தமிழ்ச் சொற்களைப் பெற்று, அவை நியூயார்க் பகுதியின் இரோகுவாய் பழங்குடியினரின் முறையோடு பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்து 1871-இல் வெளியிட்டார். பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953-இல் இந்தச் சொல்லமைப்பு முழுவதையும் திருமண உறவின் வெளிப்பாடாக விளக்கினார். இருவரின் முடிவுகளையும் ஒட்டியும் வெட்டியும் பல வாதங்கள் நடந்துவிட்டன. களத்தில் இறங்குபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: "மாமா" என்ற சொல்லுக்குள் அம்மாவுடன் பிறந்தவரும் மாமனாரும் சேர்ந்து நிற்பது தற்செயல் அன்று.

அக்காள் மகளைக் கட்டிய வீடு ஒன்று கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள். அங்கே மாப்பிள்ளைக்கு மாமியார் அவருடைய அக்காதான், கல்யாணத்துக்குப் பின்னும் அவர் "அக்கா" என்றே கூப்பிடுவார். மணப்பெண்ணுக்கு மாமியார் அம்மாவைப் பெற்ற பாட்டி. அவரை இனிமேல் "அத்தை" என்று எந்தப் பேத்தியும் அழைக்கப் போவதில்லை. அவளைப் பெற்ற தாய் முறைப்படி நாத்தனாரும் ஆகிறார், ஆனால் அந்தச் சொல் கேலிக்கு மட்டுமே வெளியில் வரும். கணவரை அவள் சிறுவயதில் "மாமா" என்றாள், இப்போதும் "மாமா" என்கிறாள். சொல் மாறவில்லை. மாறியது பேச்சு. முன்பு மடியில் உட்கார்ந்து "மாமா, நீ வா" என்றவள், மற்றவர் எதிரில் "மாமா, வாங்க" என்று சொல்லத் தொடங்குகிறாள். இந்த மாற்றம் எந்த நாளில், யார் சொல்லி நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் அந்த வீட்டுப் பெண்களின் நிலையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

ஊர்ச் சொல்லை ஊர்ச் சொல்லாகவே

சொல்லைத் திருத்தி எழுதும் ஆசை தமிழ் படித்தவர்களுக்கு இயல்பாகவே வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். நெல்லைப் பக்கத்தில் அண்ணன் மனைவியை "மைனி" என்றால் "மைனி" என்றே எழுதுங்கள், "மதினி" என்று மெருகேற்ற வேண்டாம். கொங்கு நாட்டில் அப்பாவின் அப்பா "அப்பாரு", அம்மாவின் அப்பா "அப்புச்சி". மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் அப்பாவின் அம்மா "அப்பத்தா". யாழ்ப்பாணத்தில் "அப்பாச்சி", "அம்மம்மா", முறைப்பெண் அங்கே "மச்சாள்". பிராமண வீடுகளில் அத்தை கணவரும் அக்காள் கணவரும் "அத்திம்பேர்", மாமா மகன் "அம்மாஞ்சி", மருமகள் "மாட்டுப்பெண்". தமிழ் முஸ்லிம் வீடுகளில் தந்தை ஓர் ஊரில் "வாப்பா", வேறோர் ஊரில் "அத்தா", அண்ணன் "நானா" அல்லது "காக்கா". வடசென்னையில் "ஆயா" என்றால் பாட்டி. இவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் கலந்து "தமிழ் உறவுச்சொற்கள்" என்று தலைப்பிட்டால் எந்த வீட்டிலும் இல்லாத ஒரு முறையைத்தான் உருவாக்குவோம். ஒரு நேரத்தில் ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சைக் கேட்பது

இனிதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போதும்: பேசியவர் எண், கேட்டவர் எண், அருகில் இருந்தவர்கள், சொன்ன சொற்கள் அப்படியே, அப்போது நடந்துகொண்டிருந்த காரியம். மூன்றாவது பத்தியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அதுவே முதன்மையானது.

ஈரோட்டுப் பக்கத்து வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எண் 12 அந்த வீட்டு மருமகள். மாமியாரிடம் "அத்தை, காப்பி வைக்கட்டுங்களா?" என்கிறார். மாமியார் அங்கேயே இருக்க, கணவரிடம் "ஏனுங்க, வரும்போது பால் வாங்கிட்டு வந்துருங்க" என்கிறார். சற்று நேரத்தில் சமையலறையில் கணவரும் தானும் மட்டும் இருக்கும்போது, தாழ்ந்த குரலில் "நீ எதுக்கு அதை அங்க சொன்னே?" என்கிறார். தொலைபேசியில் தன் தாயிடம் "நீ எப்பம்மா வர்றே?" என்று கேட்கிறார். மகளிடம் "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு சாமி" என்கிறார். அரை மணி நேரத்துக்குள் ஒரே பெண் கணவரை "ஏனுங்க" என்றும் "நீ" என்றும் "அப்பா" என்றும் சொல்லிவிட்டார். "கணவனை மனைவி எப்படி அழைப்பார்?" என்று நேரடியாகக் கேட்டிருந்தால் "மரியாதையாகத்தான்" என்ற பதில் மட்டும் கிடைத்திருக்கும்.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை பல. அம்மாவுக்கு "நீ", அப்பாவுக்கு "நீங்க" என்பது பல வீடுகளின் வழக்கம், தலைமுறை இறங்க இறங்க அப்பாவும் "நீ" ஆகிவருகிறார். இரண்டும் ஒத்துவராத இடத்தில் தமிழர்கள் கையாளும் நயமான உத்தி ஒன்று உண்டு: "சாப்பிட்டாச்சா?", "எப்ப ஊர்லேர்ந்து வந்தாப்ல?", "உடம்புக்குத் தேவலையா?" என்று ஆளையே விட்டுவிட்டுப் பேசுவார்கள். வயதில் இளையவரான மாமாவிடமும், பள்ளித் தோழராக இருந்து சம்பந்தி ஆனவரிடமும் இத்தகைய வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைச் சாதாரணக் குசலம் என்று ஒதுக்கிவிடாமல், எந்த இணையிடம் அதிகம் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முறை ஒரு பக்கமும் வயது மறுபக்கமும் இழுக்கிற உறவு எது என்று அங்கே பிடிபடும்.

"அம்மா", "அப்பா" ஆகியவை பெற்றோருக்கு மட்டும் உரியவை அல்ல. "வாம்மா", "சொல்லுப்பா" என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சும்போதும் வரும், அதிகாரி கடைநிலை ஊழியரிடம் வேலை சொல்லும்போதும் வரும். குரலும் வினைமுற்றும்தான் வேறுபாட்டைக் காட்டும். "எங்க அப்பா" என்று ஒற்றைப் பிள்ளைகூடப் பன்மையில் சொல்வதையும், விருந்தாளியிடம் "நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அவரையும் சேர்த்துப் பேசுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே வீட்டார் சண்டை மூண்டால் "எங்க வீட்ல வந்து" என்று "நம்ம" என்பதை எடுத்துவிடுவார்கள்.

வரவேற்பைத் தனியாகக் கவனிப்பது பயன் தரும். தமிழ் வீட்டில் வந்தவர் ஒவ்வொருவரையும் முறை சொல்லி "வாங்க" என்று கேட்க வேண்டும்: "வாங்க மாமா, வாங்க அத்தை, வாடா மாப்ளே." கூட்டத்தில் ஒருவர் விடுபட்டால் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும் குறை. "வான்னுகூட ஒரு வார்த்தை கேக்கலை" என்ற புகார், சீர் குறைந்துபோன புகாருக்குச் சற்றும் இளைத்ததன்று. கல்யாண வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்று யார் யாரை எந்த வரிசையில் வரவேற்கிறார்கள் என்று எழுதினால், மேடையில் நடக்கும் சடங்குகளை எழுதுவதைவிட அதிகம் கிடைக்கும். கேலி எங்கே அனுமதிக்கப்படுகிறது என்பதையும் அங்கேயே காணலாம். மச்சான், கொழுந்தியாள் முறை உள்ளவர்கள் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வார்கள். மாமனாரும் மருமகளும் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவது அரிது. நண்பர்கள் ஒருவரையொருவர் "மச்சான்", "மாப்ளே" என்று அழைத்துக்கொள்வதற்கும் இந்தக் கேலி உரிமைதான் அடிப்படை என்று நினைக்கிறேன். "சித்தப்பா" என்று எந்த நண்பனும் கூப்பிட்டுக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வெளியே

தெருவில் கடைக்காரர் "அண்ணாச்சி", பேருந்தில் முன்பின் தெரியாத மூதாட்டி "பாட்டி", காய்கறி விற்பவர் "அக்கா". அரசியலிலும் அண்ணா, அம்மா என்ற அழைப்புகள் பெயர்களாகவே நிலைத்தன. அண்ணாதுரை தம் கடிதங்களைத் "தம்பி" என்றும், கருணாநிதி "உடன்பிறப்பே" என்றும் தொடங்கினர். உறவுச்சொல் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் ஊரில், அது யாருக்கு மறுக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வாளரின் கடமை. ஒரு தலித் பெரியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் பெயர் சொல்லி "வா, போ" என்று பேசுவதும், அந்தப் பெரியவர் திரும்பச் "சாமி" என்றோ "ஐயா" என்றோ சொல்வதும் பல ஊர்களில் நடந்தவை, இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. கையெழுத்திலிருந்து பட்டம் போன பிறகும் "கவுண்டரே", "ஐயரே" என்ற விளிகள் டீக்கடைகளில் நீடிக்கின்றன. மறுபுறம், தென் மாவட்டங்களில் முஸ்லிம்களும் மற்றச் சமூகத்தாரும் ஒருவரையொருவர் "மாமா", "மாப்ளே" என்று அழைத்துக்கொள்ளும் ஊர்களும் உள்ளன. இவற்றை எழுதும்போது நேரடிக் கேள்வி பயன்படாது. "உங்கள் ஊரில் சாதி பார்த்து அழைப்பார்களா?" என்றால் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்டதை, கேட்ட இடத்தோடு எழுதுங்கள், போதும்.

சரிபார்ப்பும் நாகரிகமும்

ஒரு சொல்லில் ஐயம் வந்தால், அகராதிக்குப் போகாமல் சடங்குக்குப் போங்கள். இறப்பு நேர்ந்தால் யாருக்குத் தீட்டு, யார் கோடித் துணி எடுத்து வருவார், காதுகுத்தில் யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பார்கள் என்று கேட்டால் பங்காளி யார், மாமன் யார் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல ஊர்களில் தாய்மாமன் மொய்தான் முதல் வரி. எந்தக் கல்யாணத்தில் எந்தப் பெயர் காணாமல் போயிற்று என்பதும் அதிலேயே இருக்கும். ஆனால் காணாமல் போன காரணத்தை அந்தச் சபையிலேயே கேட்டுவிடாதீர்கள்.

ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். மறைத்து வைத்துப் பதிவு செய்வது எந்த ஆய்வுக்கும் தகாது. கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் மூதாட்டியை வற்புறுத்த வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கும் பேரன் சொல்லிவிடுவான். இரண்டாம் தாரம், பிரிந்து வாழ்பவர்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் ஆகியோரைப் பற்றி ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது. பாட்டி ஒரு சொல்லும் மகன் வேறொரு சொல்லும் சொன்னால், எது சரி என்று தீர்ப்பு வழங்காமல் இரண்டையும் வயதோடு எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆன்ட்டி", "அங்கிள்" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுப் பெரியவர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தத்தில் நாமும் சேர்ந்துகொண்டு அச்சொற்களைப் பதிவிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அத்தை, சித்தி, பெரியம்மா என்ற வேறுபாடுகளை அழிக்கும் சொல் அது என்பது உண்மைதான். எனினும் அதே பிள்ளைகள் சொந்த அத்தையை "அத்தை" என்றும், அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டை வீட்டாரை மட்டும் "ஆன்ட்டி" என்றும் பிரித்து அழைக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அங்கே சொல் அழியவில்லை, உறவினருக்கும் அயலாருக்கும் நடுவில் முன்பு இல்லாத ஓர் எல்லைக்கோடு விழுந்திருக்கிறது. சொற்கள் அருகுவதற்கு ஆங்கிலத்தைவிடப் பெரிய காரணம் ஆட்கள் இல்லாமையே. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள். உடன்பிறப்பு இல்லாத ஒருவரின் பிள்ளைக்கு அந்த வழியில் பெரியப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. கொடிவழியில் அத்தகைய இடங்களை வெற்றாக விடாமல், அந்தச் சொல்லை அந்தப் பிள்ளை வேறு யாருக்கேனும் வழங்குகிறதா என்று கேட்டு எழுதுங்கள். அப்பாவின் நண்பர் "சித்தப்பா" ஆகியிருக்கக் கூடும். அவருக்குப் புள்ளிக்கோட்டால் இடம் கொடுத்து, அந்த வீட்டுக் கல்யாணத்தில் அவர் பெயர் பத்திரிகையில் இருந்ததா என்பதையும் அருகில் குறித்துவிடுங்கள்.